அப்பா பெயரில் வரும் மாத்திரை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் அறையில் இருப்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் சர்க்கார் ஆஸ்பத்திரியிலிருந்து லதிகா சேச்சி என்று ஒரு ஆஷா பணியாளர் வந்து, இருமுகிறவர்களிடமெல்லாம் சளி எடுத்துத் தரச் சொன்னாள். கூப்பிடாமலே வாசலுக்கு வருகிற சர்க்காரை எப்படி நம்புவது? ஹோட்டல் முதலாளிக்குத் தெரிந்தால் பரோட்டாக் கல் பக்கமே விடமாட்டார். அதனால், பெயர் கேட்டபோது அப்பா பெயரைச் சொல்லிவிட்டேன்.

இப்போது அவள் மாத்திரையோடு வந்து, "சுடலைமுத்து அண்ணா, குளிக கழிச்சோ?" என்கிறாள். மாத்திரை சாப்பிட்டாயா என்று மலையாளத்தில் கேட்கிறாள். நான் விழுங்கும்வரை நகரமாட்டாள். சும்மா கொடுக்கிற மாத்திரைக்கு எதற்கு இந்தக் காவல்? பயப்படாதே, நெஞ்சுச் சளிதான். ஆறு மாதம் சாப்பிட வேண்டுமாம். இருமல் குறைந்துவிட்டது, அதுதான் இன்னும் சந்தேகமாக இருக்கிறது. இங்கே என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்பதும் அவள் ஒருத்திதான், அதுவும் அப்பா பெயரைச் சொல்லி.

நார்த்தங்காய் ஊறுகாயும் என் பழைய போர்வையும் கொடுத்துவிடு. முதலாளி கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

ஒன்று மட்டும். தீபாவளிக்கு நான் வரும்போது நம் ஊர் சுகாதார நிலையத்திலேயே மாத்திரை கிடைக்க ஏற்பாடு செய்திருக்கிறாளாம். அங்கிருந்து நர்ஸ் வந்து சுடலைமுத்து எங்கே என்று கேட்டால், செத்துப்போனார் என்று சொல்லிவிடாதே. வேலைக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று சொல்.

உன் மகன்,
தங்கபாண்டி