இஸ்திரிக்கு எத்தனாவது இடம்

செப்டம்பர் 2, செவ்வாய்

முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இன்று சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் கொடுக்கப் போனேன். சர்க்கரை முற்றி அண்ணனுக்குப் பக்கவாதம் வந்த மாதிரி எனக்கும் வரக்கூடாதாம், அண்ணி விரட்டிவிட்டாள். நர்ஸ் ஊசியை உறையிலிருந்து உருவினார். குத்தக்கூட இல்லை. நான் தரையில்.

கண்ணைத் திறந்தால், எனக்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்ட குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்றார் நர்ஸ்.

"டயர் கடைங்க. சனிக்கிழமையானா, உலகத்துலயே நல்ல குத்துச்சண்டைக்காரன் யாருன்னு பட்டியல் போடுவேன்."

"நல்லா போட்டீங்க. முதல்ல இந்தத் தண்ணியக் குடிங்க."

இந்த டைரி பேட்டரி கம்பெனி கொடுத்தது. அண்ணனுக்குக் கை கால் பயிற்சி கொடுக்க வரும் பெண் — நான் கோச்சம்மா என்றுதான் கூப்பிடுகிறேன் — தினமும் மாற்றம் ஏதாவது இருந்தால் எழுதிவைக்கச் சொன்னாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்டோம். இதில் தப்பு இருந்தால் அது ஆறாம் வகுப்பின் தப்பு.

அண்ணன்: மாற்றமில்லை.

செப்டம்பர் 3, புதன்

மாற்றமில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

மாற்றமில்லை. கோச்சம்மாவுக்குத்தான் புதுச் செருப்பு.

செப்டம்பர் 6, சனி

பட்டியல் நாள். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நின்றேன்.

ஷட்டரின் உள்பக்கத்தில்தான் பட்டியல் இருக்கும். பஞ்சர் இருக்கும் இடத்தைக் குறிக்கிற சாக்கட்டிதான் எழுதுகோல். பகலில் மேலே சுருண்டு கிடக்கும், கடை சாத்தும்போது இறங்கிவரும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அண்ணனும் நானும் அதன் முன்னால் நின்று கத்துவோம். பக்கத்து சாவிக்கடைக்காரர் ஒருமுறை சொத்துச் சண்டை என்று நினைத்து விலக்கிவிட வந்தார்.

மிடில்வெயிட் மட்டும்தான். எழுபத்திரண்டரை கிலோ. அண்ணன் கட்சி இது: "பெரிய உடம்புக்காரன் அடிச்சா எவனும் விழுவான். சின்ன உடம்புக்காரன் ஓடிட்டே இருப்பான். நடுவுல இருக்கறவனுக்குத்தான் அடிக்கவும் தெரியணும், வாங்கவும் தெரியணும்." அவன் ஒரு காலத்தில் சரியாக அந்த எடை இருந்தான். நானும் இருந்தேன், எட்டாவது வயதுக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் ஏதோ ஒரு நாள்.

வெளிநாட்டுப் பெயரெல்லாம் எங்கள் வாயில் நுழையாது. நாங்களே வைத்துக்கொள்வோம். இஸ்திரி: மெதுவாக முன்னால் வந்துகொண்டே இருப்பான், எதிராளியைச் சுருக்கமில்லாமல் தேய்த்துவிட்டுத்தான் நகருவான். மாப்பிள்ளை: பட்டு அங்கியோடு வருவான், இடது கை மின்னல். எலிப்பொறி: சும்மா நிற்பான், நீ கையை நீட்டினால் போச்சு. வக்கீல்: அடிப்பதைவிட நடுவரிடம் முறையிடுவது அதிகம். தூண்: விழவும் மாட்டான், நகரவும் மாட்டான். ரப்பர்: பன்னிரண்டு சுற்றும் ஓட்டம், அவனை அடிக்க சைக்கிள் வேண்டும்.

அண்ணனுக்கு இஸ்திரிதான் முதல். எனக்கு மாப்பிள்ளை. "இடது கையெல்லாம் காலிங் பெல்லுடா. வீட்டுக்குள்ள நுழையறது வலது கைதான்" என்பான். நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

ஒருதடவை, வயதாகிப்போன ஒருத்தனுக்குப் பத்தாம் இடம் கொடுக்கலாமே, பாவம் என்றேன். அண்ணன் சாக்கட்டியைப் பிடுங்கிக்கொண்டான். "பாவம் பாத்து எடம் குடுக்கணும்னா பஸ்ல குடு. பட்டியல்ல குடுக்காத."

இப்போது அவனுக்கு வலது பக்கம் வராது, பேச்சும் வராது. கட்டிலில் படுத்து எதிரே இருக்கிற பீரோவைப் பார்க்கிறான். ஷட்டரில் அவன் எழுதிய கடைசிப் பட்டியல். ஏற்றி இறக்கியதில் மாப்பிள்ளைக்கு முதல் எழுத்து அழிந்துவிட்டது.

அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். கொட்டாவி வந்தது. சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அண்ணி விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். அடுத்த மாதம் முதல் தேதி பராமரிப்பு இல்லத்தில் இடம் இருக்கிறதாம். வண்டியும் அவர்களே அனுப்புவார்களாம்.

"எனக்கு மட்டும் ஆசையா தம்பி? என் இடுப்பு ரெண்டா போச்சு. அவரு அந்த நல்ல கைய ஒரு தடவை ஊணினா போதும், மிச்சத்த நான் தூக்கிருவேன். ஊணவே மாட்டேங்கறாரு. மூட்டை மாதிரி கெடக்கறாரு."

கோச்சம்மாவைக் கேட்டேன். "இடது கை நல்லா இருக்கு சார். வரலன்னு இல்ல. வேணும்னு அவருக்குத் தோணல. அந்தக் கைய அவரா ஊணி எழுந்தா வீட்டுலயே வச்சுப் பாத்துக்கலாம். எதுக்காவது கோபம் வந்தாக்கூடப் பரவால்ல."

கோபமா? அதை வரவழைப்பதுதானே பிறந்ததிலிருந்து என் வேலை. அம்மா என்னைப் பெற்றதே அண்ணனைக் கடுப்பேற்றத்தான்.

எனக்கு இதைக் கேட்டதும் ஏதாவது ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பல்லுக்கு மரத்துப்போகிற மருந்து போட்டபின் கன்னத்தைத் தொட்டால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது. யாருடைய கன்னமோ.

செப்டம்பர் 13, சனி

கடையிலிருந்து சாக்கட்டி கொண்டுபோய் அண்ணன் பார்த்துக்கொண்டே இருக்கிற அந்தப் பீரோக் கதவில் எழுதினேன். ஒன்று: மாப்பிள்ளை. இஸ்திரி ஆறு. தூணுக்கும் கீழே!

"என்னண்ணே, சரியா? உன் ஆளு தேய்ச்சுத் தேய்ச்சுச் சூடு ஆறிப்போச்சு."

ஒன்றுமில்லை. கண் பட்டியலில்தான் இருந்தது. ஆனால் ஜன்னலைப் பார்க்கிற மாதிரி.

அண்ணி காப்பியோடு வந்து, "பீரோவ என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க?" என்றாள். வைத்தியம் என்றேன். "வைத்தியருக்குப் பீஸா இந்தக் காப்பிய வச்சுக்கங்க. போறப்ப தொடைச்சிட்டுப் போங்க."

துடைக்கவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

மாற்றமில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்றைக்குத் துணிந்துவிட்டேன். ரப்பருக்கு முதலிடம். எழுதும்போது எனக்கே கை கூசியது. இஸ்திரி பேரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, "ஓய்வு பெற்று டெய்லர் கடையில் வேலை" என்று பக்கத்தில் எழுதினேன்.

வேறு நாளாக இருந்தால் தலையணை பறந்திருக்கும். அண்ணன் கண்ணை மூடித் தூங்கிவிட்டான்.

தெருவில் நடந்து வரும்போது சாவிக்கடைக்காரர், "அண்ணன் எப்படி இருக்காரு?" என்றார். "நல்லா சாப்பிடறாரு, நல்லா தூங்கறாரு, வாய் பேசறதில்ல. நீங்களும் அப்படி ஒரு வாரம் இருந்து பாருங்களேன், வீட்டுல சந்தோஷப்படுவாங்க" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன், வாய் விரிந்த ஞாபகம் இருக்கிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

விடிகாலையில் டிவியில் இஸ்திரிக்கும் எலிப்பொறிக்கும் சண்டை. அண்ணன் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தலைப்பக்கம் இரண்டு தலையணை வைத்து அவனை நிமிர்த்தினேன். என்ன கனம். எழுபத்திரண்டரை இருந்தவன்.

ஐந்து சுற்று இஸ்திரி தேய்த்தான். எலிப்பொறி சும்மா நின்றான். ஆறாவது சுற்றில் இஸ்திரி வலது கையைத் தூக்கினான் — வீட்டுக்குள் நுழையும் கை. பொறி விழுந்தது. இஸ்திரி உட்கார்ந்த மாதிரி விழுந்து, எழுந்திருக்கப் பார்த்து, கயிற்றைத் தேடினான். கயிறு மறுபக்கம் இருந்தது.

பத்துவரை எண்ணி முடித்துவிட்டார்கள்.

அண்ணனைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றுமில்லை. விளம்பரம் வந்தது, அதையும் அப்படியேதான் பார்த்தான். ஏதாவது நக்கல் பண்ண வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. மூடிக்கொண்டேன். டிவியை அணைத்தேன்.

செப்டம்பர் 22, திங்கள்

மாற்றமில்லை. எனக்கும்.

செப்டம்பர் 25, வியாழன்

அண்ணி பரண்மேல் இருந்த பையை இறக்கித் தூசி தட்டிவிட்டாள். நான்கு சட்டை, நான்கு லுங்கி, ஒரு போர்வை. எல்லாவற்றிலும் பேர் தைக்க வேண்டுமாம், இல்லத்தில் துணி மாறிப்போகுமாம். அவளுக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை. நான் ஊசியைப் பார்த்தால் என்ன ஆவேன் என்பது ஊருக்கே தெரியும். இருவரும் ஊசியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் கோச்சம்மா கோத்துக் கொடுத்தாள்.

அண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

செப்டம்பர் 27, சனி

கடைசிப் பட்டியல் நாள். அடுத்த சனிக்கிழமை அவன் எந்தச் சுவரைப் பார்ப்பானோ.

பீரோவை ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்தேன். பெரிய எழுத்தில் எழுதினேன். ஒன்று: இஸ்திரி. நக்கல் இல்லை, பக்கத்தில் குறிப்பு இல்லை.

"சரிண்ணே. நீ சொன்னதுதான் சரி. என்னிக்கும் இஸ்திரிதான்."

இத்தனை வருஷத்தில் நான் அப்படிச் சொன்னதில்லை. சொல்லும்போது என் குரல் ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கி வருகிறவர்கள் குரல் மாதிரி இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். மனுசன் போகப்போறான், ஒரு முதலிடம் குடுத்தா என்ன கொறஞ்சு போகுது?

அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். மின்விசிறிக் காற்று கண்ணில் படுகிறது போல. வேகத்தைக் குறைத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மாற்றமில்லை. சூப்பைத் துப்புகிறான். உப்பு அதிகமோ.

செப்டம்பர் 30, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம். பை வாசலில் தயாராக இருந்தது. அண்ணி சமையலறையில் பாத்திரத்தை வேண்டிய அளவுக்கு மேல் சத்தமாகக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து அண்ணனுக்குக் கரண்டியில் சூப் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

"குடிண்ணே. நாளைக்கு வண்டி வரும். இஸ்திரிதான் ஒண்ணு, எழுதியாச்சு, யாரும் அழிக்க மாட்டாங்க. சந்தோஷமா போய்ட்டு வா."

அதற்குமேல் நான் பார்த்தது சூப்புக் கிண்ணத்தின் அடிப்பக்கம்.

இடது கை. தோளிலிருந்து நேராக வந்தது, சுற்றி வரவில்லை, வீணாக எங்கும் போகவில்லை. மாப்பிள்ளைகூட இத்தனை சுத்தமாகப் போட்டதில்லை. முதலில் கிண்ணம், பிறகு என் மூக்குக்கண்ணாடி, பிறகு என் மூக்கு. நான் கட்டிலிலிருந்து தரைக்குப் போனேன். மயக்கம் வரவில்லை என்பதைக் குறித்துவைக்கிறேன்.

அண்ணி ஈரக்கையோடு ஓடி வந்தாள். நான் தரையில், தலையில் கேரட். அண்ணன் இடது கையை மெத்தையில் ஊன்றிப் பாதி எழுந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு என்னை முறைக்கிறான். வாய் கோணுகிறது, உதடு எதையோ தேடுகிறது.

"ப... பஸ்" என்றான்.

அண்ணி அவன் வாய்க்கிட்டே குனிந்தாள். "பேசறாருய்யா! பஸ்ஸா? எங்கங்க போகணும்? ஊருக்கா? பஸ் எதுக்குங்க, அவங்களே வண்டி அனுப்புறாங்க—"

"பஸ்!" அவளை அவன் பார்க்கவே இல்லை. ஊன்றிய கையை எடுத்துப் பீரோவைக் காட்டினான். கை போனதும் சாய்ந்தான். மறுபடி ஊன்றினான். தானாகவே.

எனக்குப் புரிந்தது.

"விழுந்தவனுக்குப் பாவம் பாத்து முதலிடம் குடுத்துட்டேனாம் அண்ணி. எடம் குடுக்கணும்னா பஸ்ல குடுக்கணுமாம். திட்டறான்."

அண்ணி அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பீரோவைப் பார்த்தாள். "மூணு வாரமா நான் கும்பிட்டுக் கேட்டேன், கையை ஊணுங்கன்னு. எவனோ முகம் தெரியாதவனுக்காக ஊணறீங்களா?" என்று அவன் தோளில் ஒன்று போட்டாள். பிறகு அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள்.

என் கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்கில் அடிபட்டால் வரும், அது உடம்பு வேலை. ரொம்ப நேரம் வந்தது.

மாற்றம்: உண்டு.

அக்டோபர் 1, புதன்

வண்டி வரவில்லை. அண்ணி காலையிலேயே போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பை திரும்பவும் பரண்மேல். பேர் தைத்த சட்டையை அண்ணன் போட்டிருக்கிறான். அவன் பேர் மறந்தால் நமக்கு உதவும் என்றேன். ஒரு கெட்ட வார்த்தை சொல்லப் பார்த்தான், பாதிதான் வந்தது. மீதியை நான் சொல்லிக் கொடுத்தேன். கோச்சம்மா இதையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறாள்.

பட்டியலைத் திருத்தினேன். எலிப்பொறி ஒன்று, மாப்பிள்ளை இரண்டு, இஸ்திரி நான்கு. அண்ணன் இடது கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான். வேண்டாம்ணே, நாலு இருக்கட்டும் என்றேன். விரல்கள் இறங்கவில்லை. ஐந்தாக்கினேன்.

உடைந்த கண்ணாடிக்குப் பதில் புதுசு நாளை மறுநாள்தான் கிடைக்கும். கண்ணாடி இல்லாமலே இன்று கடை திறந்தேன். ஸ்கூட்டர்காரர் ஒருவர் பஞ்சரான டியூபையும், கையோடு ஒரு நல்ல டியூபையும் கொண்டுவந்து, நல்லதை மாட்டிவிட்டுப் பஞ்சரை ஒட்டிக் கையில் தரச் சொன்னார். ஆள் போன பிறகுதான் உறைத்தது: நல்ல டியூபுக்கு ஒட்டுப் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு, ஓட்டை டியூபைச் சக்கரத்தில் மாட்டி அனுப்பியிருக்கிறேன். மெதுவாகக் காற்று இறங்குகிற ஓட்டை. சாயங்காலம் வரை ஆள் திரும்பவில்லை. தள்ளிக்கொண்டுதான் வருவார்.