நூறு மீட்டருக்கு அப்பால்

அனுப்புநர்:
சி. கண்ணப்பன்,
வழக்கறிஞர்,
கிள்ளான், சிலாங்கூர்.

பெறுநர்:
தமிழ்ப் பள்ளிகளின் அமைப்பாளர் அவர்கள்,
மாநிலக் கல்வி இலாகா,
ஷா ஆலம்.

பொருள்: தமிழ்ப் பள்ளி ஒன்றின் பேண்டு வாத்தியக் குழுப் பயிற்சியைக் கிடங்குகளின் பின்புறமுள்ள லோரிப் பாதையிலிருந்து பள்ளி வளாகத்துக்குள் உடனடியாக மாற்ற வேண்டுதல். அடுத்த பயிற்சி: 12.7.1986, சனிக்கிழமை, காலை மணி 8.00.

பார்வை: அப்பள்ளியின் தலைமையாசிரியருக்கு அனுப்பப்பட்ட 16.9.1985 தேதியிட்ட வழக்கறிஞர் கடிதம் (இணைப்பு அ).

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பதினான்கு ஆண்டுகளாகக் கிள்ளானில் தொழில் செய்துவருகிறேன். எனினும் இம்மனுவை ஒரு மாணவியின் தந்தை என்ற முறையில் மட்டுமே எழுதுகிறேன். அதனால்தான் அலுவலகத் தாளைப் பயன்படுத்தவில்லை. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது ஏழாம் பத்தியில் தெரியவரும். என் மகள் விசாலத்துக்கு வயது பதினொன்று. இவ்வாண்டு ஜனவரியில் நாங்கள் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குக் குடிவந்தபோது, அப்பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தாள். பேண்டு குழுவில் பெரிய டிரம் அடிக்கிறாள். பள்ளியின் பெயரை இணைப்பில் மட்டும் குறித்துள்ளேன். இம்மனு பல மேசைகளைக் கடக்கக்கூடும். தலைமையாசிரியருக்கு அதனால் சங்கடம் நேரக் கூடாது.

2. குழுவில் முப்பத்திரண்டு பிள்ளைகள். பயிற்சி நடக்கும் இடம், பள்ளிக்குப் பின்னால் இரு வரிசைக் கிடங்குகளுக்கு நடுவே செல்லும் பாதை. போர்ட் கிள்ளானிலிருந்து வரும் கன்டெய்னர் லோரிகள் இப்பாதை வழியாகவே உள்ளே வந்து, சரக்கை இறக்கி, பின்பக்கமாக வெளியேறுகின்றன. நடைபாதை கிடையாது. ஒருபுறம் ஆறடி ஆழக் கால்வாய். மறுபுறம் கிடங்குகளின் இரும்புக் கதவுகள். கடந்த 5.7.1986 சனிக்கிழமை காலை, மணி 8.10-க்கும் 8.40-க்கும் இடையில் பதினொரு லோரிகளை எண்ணினேன். பாதுகாப்புக்கென இருந்தவை, பாதையின் இரு முனைகளிலும் சிவப்புத் துணி கட்டி வைக்கப்பட்ட இரண்டு பள்ளி நாற்காலிகள். அவற்றை லோரிக்காரர்கள் இறங்கி நகர்த்திவிட்டுச் செல்கிறார்கள். பெரியவர் என்று அங்கே இருப்பவர் பயிற்சி ஆசிரியை திருமதி புஷ்பவல்லி ஒருவரே. அவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை இங்கேயே பதிவு செய்கிறேன்.

3. வாத்தியம் கற்கும் பிள்ளை பாதையைப் பார்ப்பதில்லை. பியானிக்கா வாசிக்கும் பிள்ளையின் வாயில் குழாய் இருக்கிறது. அதனால் கத்த முடியாது. அதன் கண் கட்டைகளின் மேல் இருக்கிறது. சிறிய டிரம் அடிக்கும் பிள்ளை தன் குச்சிகளைப் பார்க்கிறது. எல்லோரும் சேர்ந்து வாசிக்கையில் லோரியின் ஹாரன் எவர் காதிலும் விழுவதில்லை. இதைக் கவனக்குறைவு என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம். அவ்வளவு ஆழ்ந்து போனால்தான் வாத்தியம் கைக்கு வரும். அவர்களுக்கு நன்றாகவே வந்திருக்கிறது. பெரிய டிரம்மோ என் மகளின் கண் மட்டம் வரை உயர்ந்து நிற்கிறது. தனக்கு முன்னால் தரையில் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிவதே இல்லை. பக்கத்தில் நடக்கும் பிள்ளையின் தோளைப் பார்த்துத்தான் நடக்கிறாள்.

4. அன்று நான் அங்கே சென்றது அவள் அழைத்ததால். அதுவரை ஒரு முறையும் போனதில்லை. நான் கண்ணால் கண்டது வருமாறு: மணி 8.42-க்குக் குழு பெருஞ்சாலைப் பக்கமாக நடந்து, எட்டாவது அடியில் முழுவதுமாகத் திரும்பியது. கடைசி வரிசையில் இருந்த என் மகள் அதனால் முதல் வரிசையானாள். அதே நேரத்தில் அவளுக்கு எதிரே இருந்த கிடங்குக் கதவிலிருந்து ஒரு லோரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. ஆசிரியை அதைக் கண்டு, எச்சரிக்க வேண்டி விசிலை ஊதினார்.

ஐயா, பேண்டு குழுவில் விசில் ஊதினால் நின்ற இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும் என்பது பயிற்சி. ஆறு மாதமாக அதைத்தான் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். முப்பத்தொரு பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். என் மகள் முதுகை நிமிர்த்தி, இரு கைக் குச்சிகளையும் டிரம்மின் மேல் சேர்த்து வைத்து, நேராக நின்றாள். நான் பெயர் சொல்லிக் கத்தினேன். அவள் திரும்பவில்லை. விசில் ஊதிய பிறகு திரும்பினால் ஆசிரியை கண்டிப்பார் என்று பிறகு சொன்னாள்.

விசிலை மீறியவன் ஒருவன் மட்டுமே. அவளுக்குப் பக்கத்தில் நின்ற நான்காம் வகுப்பு மாணவன் லோரியைப் பார்த்துவிட்டு ஓடினான். ஓடுகையில் பியானிக்காவைக் கீழே போட்டுவிட்டான். லோரியின் பின்சக்கரம் அதன் மேல் ஏறியது. அது உடைந்த சத்தம் கேட்டுத்தான் ஓட்டுநர் நிறுத்தினார். லோரிக்கும் டிரம்முக்கும் இருந்த இடைவெளியை என் கையிலிருந்த குடையால் அளந்தேன். குடை அதற்குள் நுழையவில்லை.

5. ஓட்டுநர் திரு. ஜெயராஜ் 7.7.1986 அன்று தாமாகவே என்னைத் தேடி வந்து வாக்குமூலம் தந்தார் (இணைப்பு ஆ). அவர் சொன்னபடியே எழுதி, படித்துக் காட்டி, கையொப்பம் பெற்றுள்ளேன்:

“கண்ணாடியில டிரம்மு மட்டுந்தான் சார் தெரிஞ்சிச்சு. செவப்பா, ரவுண்டா. யாரோ ரோட்டுல வச்சிட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். மெதுவா இடிச்சா ஓரமா உருண்டு போயிரும்னு வந்துக்கிட்டே இருந்தேன். அதுக்குப் பின்னாடி ஒரு பிள்ள நிக்குதுன்னு எப்படி சார் தெரியும்? ரெண்டு நாளா தூக்கமே இல்ல லா.”

6. பிள்ளைகள் ஏன் அங்கே சென்றார்கள் என்பதைத் தலைமையாசிரியர் திரு. தம்புசாமியிடம் கேட்டறிந்தேன். பள்ளியை ஒட்டிப் புதிதாக எழுந்த தாமான் குடியிருப்பில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் உறங்குவோர் பலர். அவர்கள் சார்பில் சென்ற ஆண்டு ஒரு வழக்கறிஞர் கடிதம் வந்தது. “தொடர்ச்சியான, சகிக்க முடியாத ஓசை” எழுப்பும் பேண்டு பயிற்சியை எந்த வீட்டின் எல்லையிலிருந்தும் நூறு மீட்டருக்குள் நடத்தக் கூடாது, மீறினால் நீதிமன்ற நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதன் நான்காம் பத்தி கூறியது. தலைமையாசிரியர் நூறு மீட்டர் கயிறு ஒன்றை வாங்கினார். பள்ளித் தோட்டக்காரரை அழைத்துக்கொண்டு, வீடுகளின் எல்லையிலிருந்து பள்ளியைச் சுற்றிலும் அளந்தார். மண்டபம், திடல், வாசல் எல்லாமே கயிற்றுக்குள் அடங்கின. கயிறு முடிந்த இடம் லோரிப் பாதை. அந்தக் கயிற்றை அவர் இன்றும் அலமாரியில் வைத்திருக்கிறார், எடுத்துக் காட்டினார்.

7. அக்கடிதத்தை எழுதியவன் நான்.

8. இதில் எதையும் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. என் கட்சிக்காரர்கள் கேட்டது, காலையில் வேண்டாம் என்பது மட்டுமே. பிள்ளைகளை வெளியே அனுப்புமாறு அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. நூறு மீட்டர் என்பது நானாகச் சேர்த்தது. அந்த எண் எந்தச் சட்டத்திலும் இல்லை. கடிதத்தில் அழுத்தமாகத் தெரியும் என்று எழுதினேன். அந்த இடத்தை நான் நேரில் பார்க்கவில்லை. அக்கடிதத்துக்குப் பின்னால் நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லை. அதற்குச் சட்டபலமும் கிடையாது. எழுதும்போதே இது எனக்குத் தெரியும். பெறுபவர் அஞ்ச வேண்டும் என்பதற்காக எழுதப்படும் கடிதம் அது. அவரும் அஞ்சினார். பயிற்சி நின்றதாகக் கட்சிக்காரர்கள் தெரிவித்ததும் கோப்பை முடித்துவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து என் மகளை அதே பள்ளியில் சேர்த்தேன். பேண்டு குழுவில் சேர அவள் கொண்டுவந்த சம்மதப் படிவத்தில், பயிற்சி நடைபெறும் இடம் என்ற வரிக்கு எதிரே “வழக்கமான இடம்” என்று எழுதியிருந்தது. எந்தப் படிவத்தையும் வரி விடாமல் படிப்பவன் நான். அதையும் படித்தேன். வழக்கமான இடம் எது என்று கேட்காமல் கையொப்பமிட்டேன்.

9. 7.7.1986 அன்று தலைமையாசிரியரைச் சந்தித்து, அக்கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று வாய்மொழியாகக் கூறினேன். “எழுத்துல வந்தத வாயால எப்படி சார் எடுக்கிறது? எனக்கு நவம்பர்ல பென்ஷன்” என்றார். மறுநாள் என் கட்சிக்காரர்களின் எழுத்துமூல இசைவைப் பெற்று (இணைப்பு இ), பழைய கடிதத்தைத் திரும்பப் பெறும் புதிய கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். “ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான் இருக்கு. நாளைக்கு மூணாவது வராதுன்னு யார் சொல்றது? இலாகாவுலேர்ந்து ஒரு வரி வரட்டும் சார்” என்றார். அவர் சொன்னதில் தவறு காண என்னால் இயலவில்லை. எனவே தங்களிடம் வந்துள்ளேன்.

10. காலம் மிகக் குறைவு. சனிக்கிழமை காலை பிள்ளைகள் மீண்டும் அப்பாதையில் நிற்பார்கள். திங்கட்கிழமை 14.7.1986 முதல், தேசிய தின அணிவகுப்பை முன்னிட்டு ஒவ்வொரு நாளும் பயிற்சி. என் மகளை மட்டும் குழுவிலிருந்து விலக்கிக்கொள்ள என்னால் முடியும். உறவினர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் டிரம்மை யாராவது சுமந்தாக வேண்டும். அடுத்ததாகத் தேர்வு செய்யப்பட்டுள்ள பிள்ளை இவளைவிட உயரம் குறைவு.

11. அவள் வீட்டில் டெலிபோன் டைரக்டரியைச் சுவரில் சாய்த்து வைத்து அடித்துப் பழகுகிறாள். முன்பெல்லாம் நான் மேசையில் பென்சிலால் தட்டித் தாளம் எண்ணிக் கொடுப்பேன். இப்போது என்னால் எட்டுக்கு மேல் எண்ண முடியவில்லை. எட்டாவது அடியில்தான் திரும்புகிறார்கள். “சகிக்க முடியாத ஓசை” என்று நான் எழுதியது இதைத்தான். இந்த ஐந்து நாளும் அந்த ஓசை கேட்டுக்கொண்டிருக்கும்வரை கோப்பைப் படிக்கிறேன். நின்றால் எழுந்து போய் அறையை எட்டிப் பார்க்கிறேன். பெரும்பாலும் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள்.

12. ஆகவே பின்வருவனவற்றைப் பணிவுடன் வேண்டுகிறேன்:

(அ) லோரிப் பாதையில் பேண்டு பயிற்சி நடத்தக் கூடாது என்று, சனிக்கிழமை காலை மணி 8.00-க்கு முன்பாகத் தலைமையாசிரியருக்கு எழுத்துமூலம் உத்தரவிட வேண்டும். ஒரு வரி போதும். தபாலில் தாமதமாகலாம் என்பதால், நாளை முழுவதும் தங்கள் அலுவலக வாசலில் காத்திருந்து நானே எடுத்துச் சென்று ஒப்படைக்கத் தயார்.

(ஆ) பயிற்சியைப் பள்ளி மண்டபத்தில் மாலை மணி 4.00 முதல் 5.00 வரை நடத்த அனுமதிக்க வேண்டும். அந்நேரத்தில் உறங்குவோர் எவரும் இல்லை என்பதைத் தாமானில் வீடு வீடாகச் சென்று உறுதி செய்துள்ளேன்.

(இ) விசிலை மீறி ஓடிய மாணவன் மீது நடவடிக்கை எதுவும் வேண்டாம். பியானிக்கா உடைந்ததற்காகத் திட்டுவார்கள் என்று பயந்து அவன் திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கு வரவில்லை. புதிய பியானிக்கா ஒன்றைப் பள்ளியில் ஒப்படைத்துவிட்டேன். அவன் ஓடியதால்தான் எனக்கு மகள் இருக்கிறாள்.

13. இம்மனுவின் விளைவாக என் தொழில்முறை நடத்தை குறித்து விசாரணை எழுமாயின், அதற்கு உடன்படுகிறேன்.

14. இறுதியாக, தங்கள் பதிலை என் அலுவலக முகவரிக்கே அனுப்ப வேண்டுகிறேன். வீட்டுத் தபாலைப் பெட்டியிலிருந்து எடுத்து வருபவள் என் மகள். செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது என்னிடம், “அப்பச்சி, யாரோ ஒரு லோயர் லெட்டர் போட்டதுனாலதான் எங்கள ரோட்டுக்கு அனுப்பிட்டாங்களாம். ஒங்களுக்குத் தெரிஞ்சவரா இருந்தா, அவர்கிட்ட கொஞ்சம் பேசிப் பாருங்களேன்” என்று கேட்டாள்.

பேசுவதாக ஒப்புக்கொண்டேன். அவர் யார் என்பதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அவள் பத்திரமாக மண்டபத்துக்குள் நின்று டிரம் அடிப்பதைப் பார்த்த பிறகு சொல்வேன்.

தங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
சி. கண்ணப்பன்
விசாலத்தின் தந்தை

இடம்: கிள்ளான்
நாள்: 10.7.1986, வியாழக்கிழமை

இணைப்புகள்:
அ – 16.9.1985 தேதியிட்ட கடிதத்தின் நகலும் பள்ளியின் விவரமும்
ஆ – திரு. ஜெயராஜின் வாக்குமூலம்
இ – தாமான் குடியிருப்பாளர்களின் இசைவு
ஈ – உடைந்த பியானிக்காவின் துண்டுகள், ஒரு பொட்டலம்