உப்புத் தண்ணி, நல்ல தண்ணி

நாள் 41. காலை 06:10
செவ்வாய்க் கிரகம், வடபள்ளம் நீர் நிலையம். எழுதுவது ரோச், ஃபிட்டர், தூத்துக்குடி ஐடிஐ. ஆள்: ஒருவர். புயலில் செய்தி அனுப்பும் கருவி போய்விட்டது. கேட்க மட்டும் முடியும். பழைய வடிகட்டி நேற்று கிழிந்தது.

உடம்பின் செல்களில் தண்ணீரை மட்டும் விடும் குட்டி வாசல்கள் உண்டாம். அப்படிப்பட்ட சவ்வைக் கணினி தனக்குள்ளேயே ஓட்டிப் பார்த்து, தேறியதைத் தொட்டியில் வளர்க்கும். என் வேலை கணினி கேட்பதற்குப் பதில் சொல்வது.

"உள்ளே வரும் நீர் எது?"
"உப்புத் தண்ணி."
"வெளியே வேண்டியது?"
"நல்ல தண்ணி."

வேதியியலில் முப்பத்தைந்து வாங்கியவனுக்கு இதுவே அதிகம்.

நாள் 47. மாலை 17:30
சவ்வு தயார். குடித்தேன். டேங்க்கில் 'நல்ல தண்ணி' என்று கொட்டை எழுத்தில் பெயிண்ட் அடித்தேன்.

மகள் ஜெனோவா, வரும் கப்பலிலிருந்து: "எப்பா, கப்பல் தண்ணி ஒரே பிளாஸ்டிக் வாடை. இறங்குனதும் உங்க கையால ஒரு செம்பு தண்ணி வேணும். எங்கப்பா தண்ணி தேன் மாதிரின்னு ஆறு பேருகிட்டயும் அளந்து வச்சிருக்கேன். மானத்த வாங்கிராதீங்க!"

நாள் 58. காலை 09:15
பத்து நாளாக வயிறு சரியில்லை. பாதம் மரத்துவிட்டது. என் சமையலைத்தான் சந்தேகப்பட்டேன், நியாயமான சந்தேகம். இன்று இருப்புக்கொள்ளவில்லை. சவ்வை ஓட்டிப் பார்த்த கணக்கைத் திறக்கக் கணினியிடம் சொன்னேன்.

09:40
'உள்ளீடு: நீர், சாப்பாட்டு உப்பு. வேறொன்றும் இல்லை.'

எங்கள் ஊரில் வாயில் வைக்க முடியாத தண்ணீர் எல்லாமே உப்புத் தண்ணிதான். கணினிக்கு உப்பு என்றால் உப்பு. நிலையம் உருக்கும் இந்தப் பனியில் ஆர்சனிக் விஷம் இருப்பதைச் சுவர்ப் பலகை சொல்கிறது. அதன்மேல்தான் தினமும் துண்டு காயப்போடுகிறேன்.

ஆர்சனிக் சேர்த்து ஓட்டினேன். தடுப்பு: பூஜ்யம்.

நாள் 61. நேரம் பார்க்கவில்லை
புதுச் சவ்வு வளர ஆறு நாள், இன்னும் மூன்று பாக்கி. கப்பல் நாளை. டேங்க்கைக் காலி செய்ய வழியில்லை. மூச்சுக்காற்றும் அதிலிருந்துதான் பிரிகிறது. பெயிண்டைச் சுரண்டினேன். விரல் என் பேச்சைக் கேட்கவில்லை. 'நல்ல' இன்னும் நன்றாகவே தெரிகிறது. அன்று இவ்வளவு அழுத்தி எழுதச் சொன்னது யார்?

குழாயின் பிடியைக் கழற்றிவிட்டேன். ஃபிட்டர் அல்லவா.

நாள் 62
"எப்பா, நிலையம் தெரியுது! செம்பு ரெடியா? பேசுங்கப்பா... சரி, கருவி கெட்டுருக்கும். வந்துட்டே இருக்கோம்."

கேட்டது. எழ முடியவில்லை. குழாயில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். செம்பைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நோட்டு மடியில். பிடி சட்டைப் பையில்.
பையில் கை விடாதே ஜெனோ
முதலில் நோட்டைப் ப