கமா, கமா, க்யூ

நண்பா,

நான் ஏறி இறங்கிய பதினாறாயிரம் ஏணிகளின் மீது ஆணையாகச் சொல்கிறேன்: இனி எழுதப்போகும் கதையை இந்தப் பூவுலகில் ஒருத்தரும் நம்பப் போவதில்லை. நம்பக்கூடிய ஒரே ஆள் நீ. நீயோ போய் ஏழு மாதம் ஆகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். போன ஆளுக்கு மடல் எழுதுவதில் ஒரு வசதி உண்டு, குறுக்கே பேச மாட்டான். நீ இருந்திருந்தால் இதற்குள் 'புளுகாதய்யா' என்றிருப்பாய். ஏரியா முழுக்க என்னை மாமா என்று கூப்பிட, நீ மட்டும் கடைசிவரைக்கும் யோவ் போட்டவன்.

இன்று மதியம் சொல்தா வீட்டுச் சுவரில் மறுபடியும் துளை போட்டேன். உனக்கு மறந்திருக்காது. கடற்கரைக்கு இரண்டு தெரு இப்பால், நீலக் கதவு வைத்த வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பியவர்களை நம்ம ஊர் சொல்தா என்றுதானே கூப்பிடும். அந்தத் தெருவுக்கு அவர் ஒருத்தர்தான் சொல்தா. கட்டிலை வேறு அறைக்கு மாற்றுகிறார்களாம், வைஃபையும் கூடவே போக வேண்டுமாம். டிரில்லை அழுத்தியதும் நூறு வருடத்துச் சுண்ணாம்பு சூடாகி ஒரு வாசனை கிளம்பியது. ஈரமண்ணும் பழைய வெல்லமும் சேர்ந்து கருகினாற்போல. உன் காக்கிச் சட்டையில் எந்நாளும் ஒட்டியிருந்த வாசனை. ஏணியில் நின்றபடியே கீழே பார்த்து, "தூசி வருது, கண்ண மூடிக்கோ" என்று சொல்லிவிட்டேன். கீழே யாரும் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் நாம் இருவரும் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஒன்றரை. சொல்தா இடுப்பெலும்பு முறிந்து உள்ளறைக் கட்டிலில் கிடந்தார். அசைக்கவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அவருடைய மகள் நம்மை நடையிலேயே நிறுத்தி, குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னாள்.

"பிரான்ஸ்ல அத்தை ஆஸ்பத்திரியில இருக்காங்க. நம்ம டைமுக்கு மூணரைக்கு மூச்சுக்கு மெஷின் வச்சு மயக்கத்துல போடப் போறாங்க. அப்புறம் எழுந்திருப்பாங்களான்னு சொல்ல முடியாதாம். அதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் வீடியோல பேச வைக்கிறேன்னு ஒரு நர்ஸ் சொல்லியிருக்கு. அப்பாவும் அத்தையும் பேசி பதினோரு வருஷம் ஆவுது. இந்த ரூம்ல போனுக்கு டவரே கிடைக்காது. மூணரைக்குள்ள நெட்டு வரணும். முடியுமா, முடியாதா?"

நான் மார்பைத் தட்டினேன். "கடலுக்கு அடியில போற கப்பலுக்கே நெட்டு குடுத்தவங்கம்மா நாங்க."

நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு அவளிடம், "முடிஞ்ச வரைக்கும் பாக்கறோங்க" என்றாய்.

டீக்கடையில் அந்தச் சுவரை நாற்பதடி என்று சொல்வது என் வழக்கம். ஒரு பக்கம் நுழைந்த பல்லி மறுபக்கம் வெளியே வருவதற்குள் பேரப்பிள்ளை எடுத்துவிட்டதாகவும் சொல்லியிருக்கிறேன். நிஜத்தில் இரண்டடி சொச்சம். ஆனால் வைஃபைக்கு அதுவே சீனச் சுவர். முன்னறையில் மோடம், அதற்கும் கட்டிலுக்கும் நடுவில் இப்படி இரண்டு சுவர். ஆகவே மோடத்திலிருந்து ஒரு கேபிளை இரண்டையும் துளைத்துக் கொண்டுபோய், உள்ளறைக் கூரையில் அக்சஸ் பாயின்ட்டை மாட்ட வேண்டும். சோற்றுத் தட்டு அளவில் வெள்ளையாய் ஒரு வட்டம்; ஒரே கேபிளில் கரண்டும் நெட்டும் குடித்துவிட்டு அறை முழுக்க அலை பரப்பும்.

முதல் சுவர் முடிந்தபோது மணி இரண்டு. இரண்டாவது சுவரின் நடுவில் கருங்கல் ஒன்று உட்கார்ந்திருந்தது. நீ துளையை ஒரு சாண் தள்ளி மறுபடி ஆரம்பித்தாய். உள்ளே இருந்து சொல்தா, "வீத்! வீத்!" என்று கத்தினார். சீக்கிரம் என்று அதற்கு அர்த்தம். அன்றைக்கு அவர் அதை எத்தனை முறை சொன்னார் என்றால் எனக்கே பிரெஞ்சு வந்துவிட்டது. நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? உன் பின்னால் நின்று மேற்பார்வை பார்த்தேன். கேபிளைச் சுவரோரமாய் நிறுத்த கிளிப் அடிக்கும்போது மட்டும் சுத்தியலை வாங்கி, முதல் அடியிலேயே விரலில் போட்டுக்கொண்டேன்.

"பாத்து அடிய்யா," என்றாய். உன் வாழ்நாளில் நீ சொன்ன உபதேசம் இந்த இரண்டே வார்த்தைதான்.

மூன்று மணிக்குத் தட்டு கூரையில் ஏறி, நீல விளக்கு எரிந்தது. நான் கைதட்டினேன். இனி மிச்சம் இருந்தது பெயரும் பாஸ்வேர்டும் போடுவதுதான். என் லேப்டாப் அன்று முதலியார்பேட்டை ரிப்பேர் கடையில் வாயைப் பிளந்து கிடந்ததால், மகள் பிரான்சிலிருந்து கொண்டுவந்திருந்த லேப்டாப்பைக் கேட்டு வாங்கி, கட்டிலின் கால்மாட்டில், படுத்திருந்தவர் கண்ணில் படாத ஒரு குட்டை ஸ்டூலில் வைத்தோம். அதில் கேமரா வேலை செய்யாது. அழைப்பு வரப்போவது சொல்தாவின் போனுக்கு.

நீ தரையில் குந்தி, ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப்பிடித்து வைஃபைக்குப் பெயர் அடித்தாய். கோழி தவிடு பொறுக்குவதுபோல. பாஸ்வேர்டு என்ன வைப்பது என்று மகளைக் கேட்டாய். கட்டிலிலிருந்து சொல்தாவே பதில் சொன்னார்.

"அழகம்மா. எங்க அக்கா பேரு."

நீ மறுபடி எழுத்தைத் தேட ஆரம்பித்தாய். எனக்குப் பொறுக்கவில்லை. "நீ அடிச்சு முடிக்கிறதுக்குள்ள பிரான்ஸே வந்து இங்க சேந்துடும். தள்ளு" என்று உன் காதோடு முணுமுணுத்து லேப்டாப்பை இழுத்துக்கொண்டேன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவன் நான். விசைகளின் மேல் துணியை மூடிவிட்டு அடிக்கப் பழக்கிய இன்ஸ்டிட்யூட்டில் படித்தவன். ஜன்னலைப் பார்த்தபடியே, பத்து விரலும் பறக்க, கேட்ட இரண்டு இடத்திலும் அழகம்மாவை அடித்துத் தள்ளினேன். திரையில் ஒன்பது புள்ளி வந்தது, அதுவும் இரண்டு முறை. அமைப்புப் பக்கத்துக்கும் வைஃபைக்கும் அதுவே பூட்டு, அதுவே சாவி.

மகள் அப்பாவின் போனில் அழகம்மா என்று அடித்தாள். பாஸ்வேர்டு தவறு என்றது.

"ழ-வுக்கு இன்னா போட்டீங்க? எங்க பிரெஞ்சுக் காகிதத்துல எல்லாம் ஜே தான் போடுவாங்க."

"இசட்டும் ஹெச்சும்தாம்மா. ஊருக்கே தெரிஞ்ச இசட்."

இசட் ஹெச் போட்டாள், தவறு. ஜே போட்டாள், தவறு. எல் கூடப் போட்டுப் பார்த்தாள். மணி மூன்று பத்து. நான் ஏணியில் ஏறி, ஊசியைத் தட்டின் பின்பக்கத் துளைக்குள் விட்டு எல்லாவற்றையும் அழித்தேன். அது செத்து உயிர்த்து நீல விளக்கு எரிய ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டது. அந்த ஆறு நிமிடமும் சொல்தா வீத் சொல்லவில்லை. கூரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கத்தியபோது இல்லாத பயம் அப்போதுதான் எனக்கு வந்தது.

மறுபடியும் நீ பெயர் அடித்தாய். மறுபடியும் நான் அழகம்மாவை அடித்தேன். இந்த முறை இன்னும் வேகமாக. போன் மறுபடியும் தவறு என்றது.

மூன்று இருபது. மகள் சுவரில் சாய்ந்துவிட்டாள். நீ, "உள்ள போய் ஒருவாட்டி பாக்கறேன்" என்று லேப்டாப்பில் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, ஒற்றை விரலால் அழகம்மா என்று அடித்தாய். திறக்கவில்லை. நான் உன்னைத் தள்ளிவிட்டு அடித்தேன், உடனே திறந்துகொண்டது.

"பாத்தியா? உன் விரல்லதான்யா கோளாறு," என்றேன்.

பக்கத்தை மூடிவிட்டு நீ அடித்தாய், திறக்கவில்லை. என்னை அடிக்கச் சொன்னாய், திறந்தது. இரண்டாவது முறை நீ திரையைப் பார்க்கவில்லை, என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் நகர்த்தினாய்.

"இதுல அடி. அழகம்மான்னு."

அடித்தேன். திரையில் வந்து நின்றது இது: க்யூ, டபிள்யூ, ஹெச், க்யூ, ஜி, க்யூ, கமா, கமா, க்யூ.

அப்போதுதான், அந்த வீட்டுக்குள் வந்த பிறகு முதல்முறையாக, நான் விசைப்பலகையைக் குனிந்து பார்த்தேன். ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ. இசட் இடத்தில் டபிள்யூ. எம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கமா பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பிரான்சில் விற்கிற லேப்டாப்பில் எழுத்துகளை இப்படித்தான் வைப்பார்களாம். பார்த்துப் பொறுக்கிய உனக்கு அது சரியாக வந்தது. பார்க்காமல் பறந்த எனக்கு அழகம்மா இந்தக் கோலமாகிவிட்டாள்.

இன்னொரு முறை அழித்து எழுத நேரமில்லை. நீ போனைக் கையில் வைத்திருந்த மகளிடம், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாய். "க்யூ. டபிள்யூ. ஹெச். க்யூ. ஜி. க்யூ. கமா. இன்னொரு கமா. க்யூ."

மூன்று இருபத்தைந்துக்குப் போன் வைஃபையைப் பிடித்தது.

"இன்னாதான் ஆச்சு?" என்று மகள் கேட்டாள். கட்டிலிலிருந்து சொல்தாவும் தலையைத் திருப்பினார். அந்தக் கண்ணில் பட்டாளம் மொத்தமும் நின்றது. நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல இருந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குள் நீ சொல்லிவிட்டாய்.

"நான் தப்பா அடிச்சிட்டேங்க."

"நீ வெளிய போ," என்றார் சொல்தா.

நீ சுத்தியலை எடுத்துக்கொண்டு வெளியே போனாய். நான் உள்ளே இருந்தேன். படுத்திருந்தவரின் கை நடுக்கத்தில் போன் நிற்காது, மகளோ அழுதுகொண்டிருந்தாள். ஆகவே போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

உன்னை உள்ளே விடாத அந்த ஐந்து நிமிடத்தை உன்னிடம் நான் ஒருநாளும் ஒழுங்காகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியே எழுந்து நின்று கைதட்டியது என்றெல்லாம் சொன்னேன். அதெல்லாம் இல்லை. முகமூடியோடு ஒரு வயதான அம்மா திரையில் வந்தார். இருவரும் அசையாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள்; நான் நெட்டு நின்றுவிட்டதோ என்று செத்தேன். பிறகு சொல்தா சொன்னார், "அன்னைக்கு நீ வர்ற வரைக்கும் காத்துகிட்டு இருந்திருக்கணும்க்கா." பிளேனில் அக்கா வந்து இறங்குவதற்குள், அதற்குப் பதினோரு வருடம் முன்பு, அவர்களுடைய அம்மாவின் உடலை எடுத்துவிட்டார்களாம். அதுதான் சண்டை. அந்த அம்மா முகமூடியை ஒரு விரலால் நகர்த்தினார். "இன்னைக்கு காத்துகிட்டு இருந்தியே. அது போதும்டா." அவ்வளவுதான். நர்ஸின் கை வந்து மறைத்தது. பத்தாம் நாள் அந்த அம்மா கண் திறக்காமலே போய்விட்டார்.

வெளியே வந்தபோது நீ வெயிலில் பைக்கின் மேல் சாய்ந்திருந்தாய்.

"ஏன்யா அப்படிச் சொன்ன?"

"உன்ன வெளிய அனுப்பிட்டா போன யாரு புடிக்கிறது?" இரண்டு கையையும் விரித்துக் காட்டினாய். டிரில் பிடித்த கை, இன்னும் உதறிக்கொண்டிருந்தது. "உன் கைதான் மதியத்துலேர்ந்து சும்மா இருந்துச்சு."

அதற்கு மறுநாள் நான் என்ன செய்தேன் என்பது உனக்கே தெரியும். டீக்கடையில் கதையைத் தூக்கினேன். நாற்பதடிச் சுவர், பல்லி, பீரங்கியோடு படுத்திருந்த சொல்தா. நடுவில், பாஸ்வேர்டைத் தப்பாக அடித்துவிட்டு முழித்த ஒற்றை விரல்காரனாக நீ. கடைசி நிமிடத்தில் கண்டுபிடித்துக் காப்பாற்றியவனாக நான். பெஞ்சு குலுங்கச் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். மூன்று வருடத்தில் நூறு முறை சொல்லியிருப்பேன். ஒருமுறை நான் பல்லியை விட்டுவிட்டபோது நீயே, "யோவ், பல்லி எங்க?" என்று எடுத்துக்கொடுத்தாய். கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயோடு, பக்கத்துப் படுக்கைக்காரரிடம், "அந்தத் தப்பா அடிச்ச ஆளு நான்தாங்க" என்று அறிமுகம் செய்துகொண்டாய். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். உரித்துக்கொண்டே இருந்தேன்.

இன்று வேலை முடிந்ததும் சொல்தா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து தட்டை நிமிர்ந்து பார்த்தார். "அந்த ஒத்த விரல்காரன் வரலியா? அன்னைக்கு அவன வெளிய போன்னுட்டேன். அது ஒண்ணு மனசுல இருக்கு."

நீ இல்லை என்று சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தப்பாக அடித்தது நான், கண்டுபிடித்தது நீ, பழியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றதும் நீ. மிகை ஒரு சொட்டு இல்லை. பல்லியைக்கூடச் சேர்க்கவில்லை.

கேட்டுவிட்டுச் சிரித்தார். "செத்துட்டான்னு அவன நல்லவனாக்குறியா? நீ எப்பேர்ப்பட்ட புளுகன்னு இந்தத் தெருவுக்கே தெரியும்யா. அவனே சொன்னான், என் காதால கேட்டேன்." என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். வரும் வழியில் டீக்கடையிலும் சொன்னேன். "மாமா இன்னைக்கு புதுசா ஒரு டிராக் ஓட்டுறாரு" என்றார்கள்.

அந்த வீட்டுப் பாஸ்வேர்டு இன்னும் மாறவில்லை. நான் மாற்றித் தரட்டுமா என்று கேட்டதற்கு மகள் வேண்டாம் என்றுவிட்டாள். விருந்தாளிகளுக்கு அவள் சொல்லும்போது கேட்டேன், நீ சொன்ன அதே ராகம், அதே நிறுத்தம். நானும் இப்போதெல்லாம் ஒற்றை விரலால்தான் அடிக்கிறேன். ஒவ்வொரு எழுத்தாகக் குனிந்து, தேடி. ஹையர் பாஸ் செய்த மிச்ச ஒன்பது விரலும் சும்மா மடங்கிக் கிடக்கின்றன. இந்த மடலையும் அப்படித்தான் அடித்தேன், அதனால்தான் இவ்வளவு நேரம்.

பதினாறாயிரம் ஏணியைத் தள்ளுபடி செய்துகொள். நாற்பதடிச் சுவர், பீரங்கி, கடலடிக் கப்பல் எல்லாவற்றையும் தள்ளுபடி செய். மூன்று வருடமாக நான் ஊருக்குச் சொன்ன கதையில் ஒரு துளி உண்மை உண்டு. யாரோ ஒருத்தன் பார்க்காமல் அடித்தான் என்பது நிஜம். அந்த இரண்டு கமாவும் நான் போட்டவை.