வியாழக்கிழமை டிக்கெட்

14.11.11 திங்கள்
மழை. யூனிபார்ம் காயவில்லை. வெள்ளிக்கிழமை சிதம்பரத்தில் பேச்சுப்போட்டி. தலைப்பு: குவாண்டம் கணினி மனிதர்களைப் படிக்குமா? கம்ப்யூட்டர் சார் மூன்று பக்கம் கொடுத்தார். இப்போதுள்ள கணினிகள் திணறும் கணக்கையும் அது போட்டுவிடுமாம். கல்வெட்டில் அழிந்த எழுத்து எது, ஒரு ஊர் ஜனங்கள் எப்படி நடந்துகொள்வார்கள், எல்லாம் ஒருநாள் சொல்லக்கூடுமாம்.
"உதாரணம் நீயே எழுது. நம்ம ஊர்லேர்ந்து இருக்கட்டும்" என்றார்.
அக்கா சிதம்பரத்தில் டீச்சர். புத்தகத்தில் அடையாளத்துக்கு பஸ் டிக்கெட் வைப்பாள். ஏறிய ஊர், நேரம் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். கேட்காமல் எடுத்து, தேதி பார்த்து அடுக்கினேன். மற்ற நாளெல்லாம் சிதம்பரத்தில் ஏறியிருக்கிறாள். வியாழன் மட்டும் பாதி வழியில், புதுச்சத்திரத்தில். "ஒரு பயணி" என்று எழுதிக்கொண்டேன். நல்ல உதாரணம்.

15 செவ்வாய்
தூறல். அப்பா முன்னால் பேசிக் காட்டினேன். அக்கா டியூஷனில்.
"வியாழன்தோறும் ஒரு பயணி, மாலை ஆறு பத்துக்கு, புதுச்சத்திரத்தில்..." வாய்விட்டுச் சொல்லும்போதுதான் உறைத்தது. அங்கேதான் ஸ்டீபன் சார் வீடு. அக்கா பள்ளியில் கணக்கு எடுப்பவர்.
அப்பா பஸ் கண்டக்டர். சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டார்.
"யாரு டிக்கெட்டு இது?"
"சும்மா எழுதனதுப்பா."
"ஆறு பத்துன்னு சும்மாவா வரும்?"
பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். மாமா பெண் காதலிப்பது தெரிந்தபோதும் இப்படித்தான். ஒரே வாரத்தில் வேலையை நிறுத்தி, யாருக்கோ கல்யாணம்.

16 புதன்
பேனாவில் மை இல்லை, பென்சில். அடுப்படியில் அப்பா: "நாளைக்கு சிதம்பரம் ரூட்டு. கேட்டு மாத்திக்கிட்டேன்."
அம்மா: "எதுக்கு?"
"சும்மாதான்."
எல்லோரும் படுத்தபின் அக்காவை எழுப்பிச் சொல்லிவிட்டேன். டிக்கெட் எடுத்ததையும். அடிப்பாள் என்று நினைத்தேன்.
"ஒனக்கு அறிவு ஜாஸ்தியாயிடுச்சுடி. படு."
திரும்பிப் படுத்தாள். தூங்கவில்லை. போர்வை அசைந்துகொண்டே இருக்கிறது.

17 வியாழன்
மழை விட்டது. அக்காவும் அப்பாவும் சேர்ந்தே வந்தார்கள். அக்கா சிதம்பரத்திலேயே அப்பா வண்டியில் ஏறிவிட்டாளாம். பஜ்ஜிப் பொட்டலம் அப்பா கையில்.
"ஒன் மெஷினு தப்பா சொல்லுதேம்மா. மாத்தி எழுது." சிரித்தார். அக்கா என்னைப் பார்க்காமல் சாப்பிட்டாள்.
மத்தியானம் கம்ப்யூட்டர் சார் சொன்னது: "முடிவுரை பத்தல. அந்த மெஷின் எங்க தோக்கும், அத சொல்லு. பரிசு நமக்குத்தான்."
தெரியும். அது கணித்ததை, அந்த ஆளிடமே யாராவது போய்ச் சொல்லிவிட்டால் தோற்கும். இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவை கிழித்தேன்.
அப்பா நாளைக்கு லீவு. முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பாராம்.