மேசையிலிருந்து உங்களை எடுத்தேன்

தேன்மொழி அப்பாவுக்கு,

எங்கே இருந்தாலும் இதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். இருந்தவரைக்கும் உங்களுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. லாரியிலிருந்து போன் பண்ணி "சாப்ட்டியா?" என்பீர்கள். அவ்வளவுதான் நம் பேச்சு.

நம் பிள்ளைக்கு வளைகாப்பு முடிந்து ரெட்டிபாளையத்துக்குக் கூட்டிவந்துவிட்டோம். நீங்கள் இல்லாத வளைகாப்பு. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

லேப்டாப்பையும் கொண்டுவந்திருக்கிறாள். சென்னை ஆபீசுக்கு இங்கிருந்தே வேலை. கட்டிலில் சாய்ந்து, காலை நீட்டி, அதை மடியில் வைத்துக்கொள்கிறாள். வயிற்றில் முட்டுகிறது. ஒருநாள் அதன் அடியில் கை வைத்துப் பார்த்தேன். அடுப்பை விட்டு இறக்கி ஆறுகிற தோசைக்கல் மாதிரி சுட்டது.

போன தடவை கரு தங்காமல் போனபோது அந்த லேப்டாப் பெட்டியைத்தானே ஊர் குற்றம் சொன்னது. நீங்கள் வாசலில் நின்று, "எம் புள்ளைய யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம், போங்க" என்றீர்கள். இந்தத் தடவை அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

அரியலூரில் டாக்டரம்மாவிடம் நானே வாய் திறந்து கேட்டேன்.

"அதனாலதான் போச்சுன்னு யாரு சொன்னா? கதிர் கிதிர்னு பயப்படாதீங்கம்மா. ஆனா சூட்டை மடியிலயும் வயித்து மேலயும் வைக்க வேணாம். மேசையில வைக்கட்டும். முதுகுக்கு ஒரு தலையணை, காலுக்கு ஒரு பலகை. அப்பப்ப எந்திரிச்சு நடக்கணும், தண்ணி குடிக்கணும், தலையை நிமிர்த்தித் தூரத்துல பாக்கணும்" என்றார்.

நம் வீட்டில் இருப்பது ஒரே மேசை. அதில் நீங்கள் இருக்கிறீர்கள், மாலையும் விளக்குமாக.

அன்றைக்குப் பார்த்து ஜெயங்கொண்டத்திலிருந்து உங்கள் அக்கா வந்திருந்தார். தேன்மொழியைப் பார்த்து, "வயித்துல ஒண்ணு, மடியில ஒண்ணு. இதுல எதுடி மூத்தது?" என்றார்.

"மடியில இருக்கறதுதான் அத்தை. இப்பவே சம்பாதிக்குது."

அக்காவே சிரித்துவிட்டார். நான் படத்தில் கை வைத்ததும் அந்தச் சிரிப்பு நின்றது.

"வருஷம் திரும்பல. அதுக்குள்ள எந்தம்பிய எடத்த விட்டுத் தூக்குறியா?"

"புள்ள உக்காரணும்ங்க மதினி."

"அவ வேற எங்கயாச்சும் உக்காரட்டும். அவன் எங்க போவான்?"

நீங்கள் எங்கே போவீர்கள்? அக்கா கை நனைக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

அந்த மேசையை யாருக்காக வாங்கினீர்கள்? அவள் பத்தாவது படிக்கும்போது லாரி மேல் கட்டிக் கொண்டுவந்தீர்களே. அதை நினைத்துக்கொண்டுதான் தூக்கினேன். படம் அவ்வளவு கனக்கும் என்று தெரியாது.

விளக்கைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டேன். லேப்டாப் ஒயர் காலில் தட்டாமல் சுவரோரம் ஒதுக்கினேன். அவள் முதுகுக்கு, லாரி சீட்டில் நீங்கள் வைத்துக்கொள்ளும் திண்டு. நீங்கள் போனபின் லாரி ஓனர் கொடுத்தனுப்பியது. இன்னும் உங்கள் வாசம் இருக்கிறது. காலுக்கு என் மணைப்பலகை.

உங்களை எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கிறேன். டாக்டரம்மா தூரத்தில் பார்க்கச் சொன்னாரே, அந்தத் தூரத்தில். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். கண் நிறைந்ததும் குனிந்து வேலையைப் பார்க்கிறாள். நான் பார்க்காத மாதிரி அடுப்படிக்குப் போய்விடுவேன்.

பேரப்பிள்ளையைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. போன தடவை சொல்லிவிட்டுத்தானே பறிகொடுத்தோம். அது என் கையில் இல்லை. ஆனால் அந்தச் சூடு இனி அவள் மடியில் ஏறாது. இது மட்டும் நான் செய்யும் சத்தியம். அவள் நிமிரும்போதெல்லாம் நீங்கள் அங்கேயே இருங்கள்.

உங்கள் பிள்ளைக்குக் காவலாக இருக்கும்,
தேன்மொழி அம்மா