பெடல் சுற்றியது நான்

உன் நினைவு மலர் என் மேசையில் கிடக்கிறது. அச்சு மை வாசம் இன்னும் போகவில்லை. நேற்று, நீ செத்த முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வந்த எல்லோருக்கும் வாசலில் வைத்து ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அட்டைப் படத்தில் நீ அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கப் போனவள் போல விறைத்துக்கொண்டு நிற்கிறாய். சிரிக்கிற படம் ஒன்றுகூடவா அந்த வீட்டில் இல்லை?

ஆறாம் பக்கம்வரை பொறுத்துக்கொண்டேன். 'அதிர்ந்து பேசாதவர்' என்று போட்டிருந்தார்கள். வெள்ளத்துக்குள் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு போய்ப் பிள்ளை பெறுவித்த மிட்வைஃப் நீ. பிள்ளைத்தாச்சியைப் பட்டினி போட்ட புருஷன்மாரை நீ ஏசினால் அது வாவிக்கு அந்தப் பக்கம் கேட்கும் என்று ஊரே சொல்லும். சரி, செத்தவர்களைப் பற்றி எல்லோரும் இப்படித்தானே எழுதுகிறார்கள் என்று பக்கத்தைப் புரட்டினேன்.

ஏழாம் பக்கம் உன் அண்ணன் எழுதியது. கனடாவிலிருந்து வந்து இறங்கிய கையோடு எழுதிக் கொடுத்தாராம். நீயும் கேள்: "கரண்ட் இல்லாத அந்தக் காலத்தில் நான் கேம் விளையாடுவேன். என் தங்கை களைப்பைப் பாராமல் எனக்காகச் சைக்கிள் பெடலைச் சுற்றுவாள். பொறுமையின் மறுபெயர்தான் என் தங்கை."

பொய். பச்சைப் பொய். பெடல் சுற்றியது நான். விளையாடியது நீ. உன் அண்ணன் அந்தப் பக்கத்திலேயே இல்லை.

அந்தக் கேம் பெட்டி எனக்கு அப்படியே நினைவில் நிற்கிறது. சவூதியில் இருந்த உங்கள் மாமா அனுப்பியது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது, சாம்பல் நிறம், பச்சையும் கறுப்புமாக ஒரு சின்னத் திரை. அதற்குள் இருந்தது ஒரேயொரு விளையாட்டு. சம்மட்டி பிடித்த ஒரு குட்டி மனிதன் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருப்பான். கிடங்குகளைப் பாய்ந்து, எதிரே வருகிற பேய்களை அடித்து, கோட்டை கோட்டையாகக் கடந்து, கடைசியில் ஓர் இரும்புப் பூதத்தை விழுத்த வேண்டும். அவனுக்குத் தம்பிமுத்து என்று நீதான் பெயர் வைத்தாய். மாமா அதை உன் அண்ணனுக்கென்றுதான் அனுப்பினார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவர் இரண்டாம் கோட்டையைத் தாண்டியதே கிடையாது. இரண்டு கிழமையில் அலுத்துப்போய்க் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்.

அது சண்டைக் காலம். வாவிக்கு இந்தப் பக்கம், எங்கள் படுவான்கரைக்குப் பேட்டரி கொண்டுவர விடமாட்டார்கள். துறையடிச் சோதனையில் ஆமிக்காரர் பறித்துவிடுவார்கள். பெட்டியோடு வந்த நான்கு பேட்டரியையும் கருவாட்டுக்குப் பக்கத்தில் வெயிலில் காயவைத்தோம், பல்லால் கடித்து நெளித்தோம், கடைசியில் அவையும் செத்தன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் ரேடியோக் கேட்பது ஊரில் எல்லோரும் செய்கிற வேலைதான். ரேடியோ பாடுமென்றால் கேம் ஏன் ஓடாது என்று கேட்டவள் நீ ஒருத்திதான். வாவியைக் கடந்து காத்தான்குடிக்குப் போய், ரேடியோ திருத்துகிற முஸ்லிம் காக்கா ஒருவரைப் பிடித்து, டைனமோவுக்கும் பெட்டிக்கும் நடுவில் வைக்க ஒரு சின்னச் சாமான் செய்து வாங்கி வந்தாய். அவர் சொல்லி அனுப்பியதை எனக்கு நீ நூறு தடவையாவது சொல்லியிருப்பாய்: "வேகமாச் சுத்தினா பெட்டி கருகும் தங்கச்சி, மெதுவாச் சுத்தினா நிண்டுரும். ஒரே கணக்கில சுத்தோணும்."

யார் சுற்றுவது, யார் விளையாடுவது என்று நாங்கள் சண்டை பிடிக்கவே இல்லை. என்னிடம் பெட்டியைத் தந்தால் முதல் கிடங்கிலேயே தம்பிமுத்தைத் தள்ளிக் கொன்றுவிடுவேன். உன்னிடம் பெடலைத் தந்தால் வேகத்தில் பெட்டியைக் கருக்கிவிடுவாய். ஆகவே உங்கள் வளவு முருங்கையின் கீழ் நான் மண்ணில் குந்தியிருந்து கையால் பெடலைச் சுற்றுவேன். வயர் எட்டுகிற தூரத்தில் நீ சம்மணம் கட்டி இருப்பாய். நான் ஒரு நொடி நிறுத்தினாலும் திரை அணைந்துவிடும், திரும்பவும் முதல் கோட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும். விட்ட இடத்தில் பிடிக்கிற வசதியெல்லாம் அதில் இல்லை. எத்தனை நாள் என் கை உளைந்து நின்றிருக்கிறது, எத்தனை நாள் நீ தலையில் அடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாய்!

நீ முடித்த நாளில் கச்சான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் சுற்றியிருப்பேன். கடைசிக் கோட்டைக்குள் நீ போன நேரம் பார்த்துச் சைக்கிள் செயின் கழன்றது. நீ தலை நிமிரவில்லை. "நிப்பாட்டாத புள்ள!" என்று மட்டும் கத்தினாய். நான் பெடலை விட்டுவிட்டு, வெறும் கையால் டயரைத் தட்டித் தட்டிச் சுற்றினேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. டைனமோ கீச்சிட்டது, பெட்டி கீச்சிட்டது, நீயும் கீச்சிட்டாய். பிறகு அந்தப் பெட்டியிலிருந்து அதுவரை நாங்கள் கேட்டிராத ஒரு பாட்டு வந்தது. நீ வென்றுவிட்டாய்.

அப்போதுதான் உன் அண்ணன் கூட்டாளிமாருடன் வளவுக்குள் வந்தார். எட்டிப் பார்த்தார். பெட்டியை உன் கையிலிருந்து எடுத்தார். "டேய், வந்து பாருங்கடா, முடிச்சாச்சு!" என்று கூப்பிட்டார். யார் முடித்தது என்று ஒருவனும் கேட்கவில்லை. அவன்கள் அவர் முதுகில் தட்டினார்கள். நான் இன்னும் டயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன், நிறுத்தினால் உன் வெற்றி திரையிலிருந்து போய்விடுமே என்று. அவருடைய பொய்க்கும் நான்தான் கரண்ட் கொடுத்தேன்.

உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் கையில் மஞ்சள் பூசிக்கொண்டே, "விடு புள்ள, முடிச்சது நாந்தானே, எனக்குத் தெரியுந்தானே" என்றாய். ஊராருக்காக அந்த ஏச்சு ஏசத் தெரிந்தவளுக்குத் தன் வீட்டுக்குள் மட்டும் வாய் வரவில்லை. நீ விட்டுக்கொடுத்ததைத்தான் இன்றைக்குப் பொறுமை என்று அச்சடித்திருக்கிறார்கள்.

நேற்றுப் பந்தலுக்குள் உன் அண்ணன் ஒவ்வொரு வரிசையாக வந்து விசாரித்துக்கொண்டிருந்தார். என் இலையடிக்கு வந்ததும் கேட்டேன்.

"அண்ணன், ஏழாம் பக்கம் நீங்க எழுதினதா?"

"ஓம். ஏன் கா, நல்லா வந்திரிக்கா?"

"கேம் விளையாடினது அவ. பெடல் சுத்தினது நான். நீங்க எங்க இருந்த நீங்க?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நீ அறிவாய். "சின்னப்புள்ளையில நடந்தது. இதுக்கெல்லாம் இந்த நாள்ல வந்து சண்டை பிடிக்கிறதா? எனக்கு அப்பிடித்தான் ஞாபகம்."

அவர் வேண்டுமென்று சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை வருடம் சொல்லிச் சொல்லி, அவரே நம்பிவிட்டார். அது இன்னும் மோசம். பொய்யென்று தெரிந்து சொல்கிறவனை மடக்கலாம், இவரை என்ன செய்வது?

பக்கத்தில் கதிரையில் இருந்த உன் அம்மா என் கையைப் பிடித்தா. "எனக்குத் தெரியும் புள்ள. அண்டைக்கே குசினிக்குள்ள இருந்து கண்ட நான்."

"அப்ப ஏன் மாமி இதை எழுத விட்ட நீங்க?"

"பொம்புளப் புள்ளைக்குப் பொறுமைசாலி எண்டு போட்டாத்தானே மதிப்பு. கேம் விளையாடினவ எண்டா போடுற?"

என் மனம் ஆறவில்லை. பெற்ற தாய்க்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், நீ செய்த ஒன்றை எடுத்து அண்ணனுக்குக் கொடுத்து, நீ செய்யாத ஒன்றை உனக்குக் கொடுத்திருக்கிறா. இனிப் பிறக்கப்போகிற உன் பேரப்பிள்ளைகள் இந்தப் புத்தகத்தைத்தான் வாசிக்கும். யாரோ ஒருவருக்காகக் குந்தியிருந்து பெடல் சுற்றியவள் என்றுதான் உன்னை அறியும்.

இலையை மூடிவிட்டு எழும்பினேன். அப்போது உன் மகள் கறிவாளியோடு வந்து எனக்கு முன்னால் நின்றாள். பதினேழு வயது, உன் நெற்றி, உன் முறைப்பு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

"மாமி, மெய்யா அம்மாவா முடிச்ச? அந்தக் கடைசிப் பூதத்த அவ எப்பிடி அடிச்ச?"

அந்தச் சண்டையை நான் கண்ணால் பார்க்கவில்லை. என் கண் டயரில்தான் இருந்தது. ஆனால் நீ விளையாடும்போது வாய் மூடமாட்டாயே! தம்பிமுத்துவுக்கு ஒவ்வொரு அடியையும் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்தாய். அது முழுவதும், மூச்சு வாங்கின இடம் உட்பட, என் காதுக்குள் இருக்கிறது. வேறு யாரிடமும் அது இல்லை. உன்னிடமும் இப்போது இல்லை.

நான் அந்தப் பந்தலுக்குள், அத்தனை சனம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்க, உன் குரலில் கத்தினேன். "குந்துடா! குந்து! இன்னும் எழும்பாத! நெருப்பு போகட்டும்... இப்பப் பாய்! மண்டையில போடு! மறுகாக் குந்து! பாய், பாய், போடு!"

சனம் திரும்பிப் பார்த்தது. உன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். உன் அம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டா. உன் மகள் வாளியைக் கீழே வைத்தாள்.

"அம்மா இப்பிடிக் கத்துவாவா மாமி?"

"இதவிடக் கூடக் கத்துவா மகள்."

"திரும்பக் கத்துங்க," என்றாள்.

கத்தினேன்.